முதல் பேஸ் கிட்டார்: கம்மி பட்ஜெட்டில் எதை வாங்கலாம்?

கேள்வி: அண்ணா, கையில் 30 ஆயிரம் இருக்கிறது. முழுசையும் பேஸ் கிட்டாருக்கே போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. 20 ஆயிரத்தோடு பேஸை நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல கேபிள், அகலமான ஸ்ட்ராப், கிளிப் ட்யூனர், ஒரு புது ஸ்ட்ரிங் செட், ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்க ஒரு சின்ன ஆம்ப் எல்லாம் மீதியில்தான் வர வேண்டும். முக்கியமாக செட்டப் கூலியை, அதாவது நெக் வளைவையும் ஸ்ட்ரிங் உயரத்தையும் சரிசெய்து தரும் கூலியை, எடுத்து வையுங்கள். பெட்டியிலிருந்து அப்படியே எடுத்து வாசிப்பதற்கு உகந்த நிலையில் இந்த விலை பேஸ்கள் அபூர்வமாகத்தான் வரும். செட்டப் முடித்த 20 ஆயிரம் ரூபாய் பேஸ், செட்டப் செய்யாத 40 ஆயிரம் ரூபாய் பேஸைவிடக் கைக்கு இதமாக இருக்கும்.

கேள்வி: யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனேஸ் ஜிஎஸ்ஆர் 200. இரண்டில் எது சார்?

இரண்டிலும் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகம்) அமைப்பு ஒன்றுதான்: நடுவில் பிரிசிஷன் வகை, பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்குகள் முடியும் இடம்) பக்கம் ஜாஸ் வகை. பிரிசிஷன் வகை இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். ஃபெண்டர் 1957-இல் கொண்டுவந்த அமைப்பு அது. இரைச்சலைத் தானே அடக்கிவிடும். ஜாஸ் வகையை மட்டும் தனியாகத் திறந்தால் லேசாக 'ம்ம்ம்' என்று இரையும், பயப்பட வேண்டாம்.

வித்தியாசம் பேட்டரியில் இருக்கிறது. ஜிஎஸ்ஆர் 200-இல் பேஸ் பூஸ்ட்டுக்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். வாசித்து முடித்ததும் பேஸிலிருந்து கேபிளைக் கழற்றாவிட்டால் அது சும்மாவே தீர்ந்துகொண்டிருக்கும். டிஆர்பிஎக்ஸ் 174 பேசிவ், அதாவது பேட்டரியே கிடையாது, அந்தத் தொல்லை இல்லை. பராமரிக்கச் சோம்பல்படுகிறவருக்கு யமஹா. ஒல்லியான நெக் (கழுத்துப் பகுதி) பிடிக்கும் என்றால் ஐபனேஸ்.

கேள்வி: கடையில் என்னென்ன பார்க்க வேண்டும்? விற்பவர் அவசரப்படுத்துகிறார்.

அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள். ஒரே மாடலில் மூன்று பீஸ் எடுத்தால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். பிராண்டைவிட அந்தக் குறிப்பிட்ட பீஸ்தான் முக்கியம்.

முதலில் ட்யூன் செய்யுங்கள். டென்ஷன் இல்லாமல் நெக்கைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பாடி பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் ஓரத்தைப் பாருங்கள். முன்னால் லேசாக வளைந்திருந்தால் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது ஒரு பக்க ஓரமும் மறுபக்க ஓரமும் வேறு வேறு வளைவில் இருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பிறகு தடிமனான ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃபிரெட்டிலும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃபிரெட்), நெக்கும் பாடியும் சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மி.மீ., இடைவெளி இருந்தால் நல்லது. 12-ஆவது ஃபிரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரம் ஈ பக்கம் 2.5, மெல்லிய ஜி பக்கம் 2 மி.மீ. வந்தால் தாராளம்.

அடுத்தது யாரும் செய்யாத வேலை: நான்கு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக எல்லா நோட்டையும் வாசியுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். ஓர் இடத்தில் மட்டும் 'கிர்ர்' என்றால் அடுத்த ஃபிரெட் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்திலிருந்து ஏழாவது ஃபிரெட்டுக்குள் ஒரு நோட்டு மட்டும் சீக்கிரம் அடங்கிப்போவது பேஸ்களில் சகஜம். விலை உயர்ந்தவற்றிலும் உண்டு.

கடைசியாக, ஸ்ட்ராப் போட்டு நின்று இடது கையை எடுத்துவிடுங்கள். நெக் தரையைப் பார்த்துச் சாய்ந்தால் ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை போய்விடும். இது செட்டப்பால் சரியாகாது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் டிரஸ் ராடு (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று உரிமையாளரையே கால் திருப்பு திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இறுகி நின்றுவிட்ட ராடு இருந்தால் வாங்காதீர்கள். ஃபிரெட்டில் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தாலும் அப்படியே. ஃபிரெட் மாற்றும் கூலி பேஸ் விலையைத் தொட்டுவிடும். வால்யூம் திருகும்போது கரகரத்தால் பரவாயில்லை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கான்டாக்ட் கிளீனர் வாங்கி உள்ளே அடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: மகளுக்கு 12 வயது, கை சின்னது. 34 இன்ச் ஸ்கேல் எட்டுமா?

ஸ்கேல் என்பது ஸ்ட்ரிங் அதிரும் நீளம். 34 இன்ச்சில் முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காவது ஃபிரெட் வரை கிட்டத்தட்ட 13 செ.மீ. 30 இன்ச்சில் 11.5 செ.மீ. சின்ன விரலுக்கு அந்த ஒன்றரை செ.மீ. பெரிய விஷயம். ஸ்குவையர் பிராங்கோ 30 இன்ச். ஐபனேஸ் மைக்ரோ இன்னும் குட்டை, 28.6. ஸ்ட்ரிங் மாற்றும்போது ஷார்ட் ஸ்கேல் செட் என்று கேட்டு வாங்குங்கள். நீள செட்டை வெட்டிப் போட்டால் தடிமனான பகுதி ட்யூனர் கம்பத்தில் சுற்றாமல் பிரிந்துவரும்.

கேள்வி: சர்ச் குயரில் வாசிக்கப்போகிறேன். பாட்டெல்லாம் ஈ ஃபிளாட், டி என்று வருகிறது. ஃபைவ் ஸ்ட்ரிங் வாங்கணுமா பிரதர்?

தேவை நியாயமானதுதான், நான்கு ஸ்ட்ரிங்கில் ஈ-க்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஆனால் மலிவான ஃபைவ் ஸ்ட்ரிங்கில் ஈ-க்குக் கீழே கூடுதலாக வரும் பி ஸ்ட்ரிங் தொளதொளவென்று இருக்கும். அதன் ஐந்தாவது ஃபிரெட்டையும் திறந்த (விரல் வைக்காத) ஈ-யையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். இரண்டும் ஒரே சுரம். முதலாவது மந்தமாக, சுரம் பிடிபடாமல் கேட்டால் அந்த பீஸை விடுங்கள். திறந்த பி சுமார் 31 ஹெர்ட்ஸ், சின்ன ஆம்பில் அது ஒழுங்காகக் கேட்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டி வரைக்கும் போதுமென்றால் ஈ ஸ்ட்ரிங்கை டி-க்கு இறக்கிக்கொண்டு நான்கு ஸ்ட்ரிங்கிலேயே ஓட்டலாம்.

கேள்வி: ஏற்கெனவே இருக்கும் கிட்டார் ஆம்பில் மாட்டினால் ஸ்பீக்கர் கிழிந்துவிடுமா?

வீட்டில் மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது. சத்தத்தைக் கூட்டினால்தான் ஆபத்து. கோன் அளவுக்கு மீறி உதறும். டிரம்ஸோடு வாசிக்க 15 வாட், 20 வாட் எதுவும் உதவாது, 200 வாட்டுக்கு மேல் வேண்டும். அதுவரை ரிகர்சல் ஸ்டுடியோ ஆம்பையே நம்புங்கள்.

கேள்வி: ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் நிற்கிறது, கையை எடுத்தால் வருகிறது. பேஸ் பழுதா?

இல்லை. ஸ்ட்ரிங்குகளை கிரவுண்டோடு இணைக்கும் பிரிட்ஜ் கிரவுண்ட் வயர் வேலை செய்கிறது என்று பொருள். தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால்தான் அந்த வயரைப் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் வாசிக்கிறீர்கள் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பாதி கேஸில் அதுதான் காரணம். விரலில் சுருக்கென்று ஷாக் அடித்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.