குடும்பத்தோடு வெளிநாடு: எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

லண்டனிலும் டொராண்டோவிலும் பிள்ளைகளை வளர்த்துவிட்டு இப்போது குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கிறேன். நீலகிரியிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

குன்னூர், செவிலியர்: அக்கா, லண்டனில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருக்கிறது. ஆறு வயதில் மகள், ஒன்பது வயதில் மகன். ஈஸ்ட் ஹாமா, ஹாரோவா? இல்லை, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே வீடு எடுத்துவிடலாமா?

பகுதியின் பெயரை அப்புறம் பார்க்கலாம் தங்கச்சி. பகலில் வீட்டில் இருக்கப்போவது யார்? நீங்கள் டியூட்டிக்குப் போனபின் கணவர்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்றால், பள்ளிக்கூடம், மளிகைக் கடை, ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டர், பஸ் ஸ்டாப் எல்லாம் அவர் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் ரயிலில் அரைமணி கூடுதலாகப் போய்வரலாம். வீட்டில் இருப்பவர் நாலு சுவருக்குள் முடங்கிவிட்டால் குடும்பமே சோர்ந்துபோகும். யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து பள்ளி. அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. நம் ஊர் நகராட்சி மாதிரி அங்கே இருக்கும் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் இடம் தருவார்கள். ஆனால் கல்வியாண்டின் நடுவில் போய் இறங்கினால், எதிர்வீட்டிலேயே குடியிருந்தாலும் அந்த வகுப்பு நிரம்பியிருக்கலாம். அண்ணனுக்கு ஒரு பள்ளி, தங்கைக்கு வேறு பள்ளி என்று கிடைப்பதும் உண்டு. காலை ஒன்பது மணிக்கு இரண்டு பள்ளி வாசலில் ஒரே ஆள் எப்படி நிற்பது? வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கவுன்சிலின் சேர்க்கைப் பிரிவுக்குப் போன் போட்டு, இந்த இரண்டு வயதுக்கும் எந்தப் பள்ளியில் இடம் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். பள்ளிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வறிக்கைகள் இணையத்தில் இலவசம், அவற்றையும் படியுங்கள். ஈஸ்ட் ஹாம், ஹாரோ இரண்டிலும் நம் மளிகை கிடைக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

கூடலூர்: எங்களுடையது தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பம். டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரர்கள், தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஸ்கார்பரோ பகுதிக்கே வரச் சொல்கிறார்கள். போகலாமா அக்கா?

தாராளமாகப் போகலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தமிழிலேயே சொல்ல ஒரு டாக்டர் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் ஸ்கார்பரோ ஒரு தெரு இல்லை தம்பி, பெரிய ஊர் அளவுக்குப் பரந்தது. அங்கே ஓடிய எஸ்.ஆர்.டி. ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு நின்றுவிட்டது. பதிலுக்குப் பஸ் விட்டார்கள். அதனால் 'ரயில் பக்கத்தில்தான்' என்று யாராவது சொன்னால் எந்த ரயில் என்று கேளுங்கள். வீட்டு முகவரியைக் கூகுள் மேப்பில் போட்டு, திங்கட்கிழமை காலை எட்டு மணி என்று வைத்து, வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள்.

அப்புறம் ஸ்ட்ரீட் வியூவில் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல்வரை போய்ப் பாருங்கள். பஸ் ஸ்டாப் கண்ணெதிரே இருக்கும். நடுவில் ஆறு தடச் சாலை ஓடும். கடக்க வேண்டிய சிக்னல் தூரத்தில் இருக்கும். ஜனவரியில் அதே வழியில், உறைந்த பனிமேல், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகப்போவது உங்கள் மனைவி. அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

ஊட்டி: குளிர் நமக்குப் பழகியதுதானே?

தலைகுந்தாவில் உறைபனி விழும் காலைகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். டொராண்டோவில் மைனஸ் 15-க்கும் கீழே போகிற நாட்கள் உண்டு. ஆனாலும் அங்கே வீட்டுக்குள் கதகதப்பாக இருக்கும். இங்கிலாந்தில்தான் வீட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஜூலை மழையில் நம் வீட்டுச் சுவர் மூலையில் பிடிக்குமே பூஞ்சை, அதே பூஞ்சைதான் அங்கும். ஜன்னல் சட்டத்தின் அடிப்பகுதி, அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவர், குளியலறைக் கூரை மூன்றையும் பாருங்கள். ஒரு மூலைக்கு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வீடு வெப்பத்தை வீணாக்காமல் எவ்வளவு தக்கவைக்கிறது என்பதற்கு ஏ முதல் ஜி வரை தரச்சான்று உண்டு. வாடகை வீடென்றால் பொதுவாக 'இ'க்குக் கீழே இருக்கக்கூடாது என்பது சட்டம். இன்னொன்று: கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர்காயும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இங்கேயும்தான்.

கோத்தகிரி: டொராண்டோவில் ஒரு வீட்டைப் போட்டோவில் பார்த்தோம். மூன்று மாத அட்வான்ஸை இப்போதே அனுப்பச் சொல்கிறார்கள்.

அனுப்பாதீர்கள். ஒன்டாரியோவில் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான் முன்பணமாகக் கேட்கலாம்; சேதத்துக்கென்று தனி டெபாசிட் கேட்கவே சட்டம் இடம் தரவில்லை. முதல் மாதத்துக்குத் தற்காலிகமாக ஒரு இடம் எடுத்துத் தங்கி, நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பகலில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்.

கோத்தகிரி அருகே ஒரு ஹட்டியிலிருந்து (படகர் கிராமம்): சிட்னிக்கு அம்மாவையும் கூட்டிப்போகிறோம்.

வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட் பக்கம் பாருங்கள். தமிழர்கள் இருக்கிறார்கள், ரயில் இருக்கிறது, மேஸ் ஹில் முருகன் கோயிலும் தூரமில்லை. பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. ஹட்டியில் வாசலுக்கு வந்தாலே நாலு பேரைப் பார்த்துப் பேசியவர் அம்மா. அவருக்குத் தரைத்தளமே நல்லது, வாடகை கொஞ்சம் கூடினாலும் சரி.

அருவங்காடு: ஜெர்மனிக்குப் போகிறேன். ஏதாவது உண்டா?

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகை ஹீட்டிங் சேர்ந்ததா, சேராததா என்று கேளுங்கள். சமையலறையையும் கேளுங்கள், பல வீடுகளில் அடுப்பு, அலமாரி எதுவுமே இருக்காது, வெறும் குழாய்தான் இருக்கும்.