கொமோடோ தேசியப் பூங்காவில் டிராகனும் மாந்தா திருக்கையும் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: பெரியவர்கள் இருவர், பத்து வயதுப் பிள்ளை ஒன்று. நீச்சல் சுமார்தான். ஐந்தாறு நாள் கையில் இருக்கிறது. இந்தோனேசியாவின் கொமோடோவில் டிராகன், மாந்தா திருக்கை இரண்டையும் பார்க்க வேண்டும். எந்த மாதம், எந்தப் படகு?

பதில்:

பாலிக்கு மலிவாக டிக்கெட் கிடைத்தது, அப்படியே ஒரு நாள் கொமோடோவையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்றுதான் பலரும் கிளம்புகிறார்கள். அந்த ஒரு நாளில் போட்டோ கிடைக்கும், விலங்கு கிடைப்பது அதிர்ஷ்டம். முதலில் மாதம், அடுத்து திதி, பிறகு படகு, கடைசியில் விமானம் என்று முடிவு செய்யுங்கள். திதியா என்று கேட்பீர்கள், அதற்கு வருகிறேன்.

சும்பாவா, ஃப்ளோரஸ் என்ற இரு பெரிய தீவுகளுக்கு நடுவே கொமோடோ, ரிஞ்சா, பாடார் ஆகிய மூன்றும் அவற்றைச் சுற்றிய சிறு தீவுகளும் சேர்ந்ததுதான் இந்தப் பூங்கா. கொமோடோ டிராகன் எனும் பெரிய உடும்பைக் காப்பதற்காக 1980இல் அறிவிக்கப்பட்டது, 1991இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடல். பசிபிக் பெருங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் நீர் இந்தத் தீவுகளின் சந்துகளில் நெருக்கியடித்துப் பாய்கிறது. அந்த ஓட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களைத் தின்னத்தான் மாந்தா வருகிறது. நீச்சல் சுமாரானவர்களுக்கு இங்கே ஆபத்தும் அதே ஓட்டம்தான்.

மாதம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழையும் மேற்குக் காற்றும். ஜனவரி, பிப்ரவரியில் அலை கூடினால் துறைமுக அதிகாரிகள் படகு கிளம்பவே அனுமதிக்க மாட்டார்கள், சில சமயம் தொடர்ந்து பல நாட்களுக்கு. மாந்தா அதிகம் கூடுவதும் இந்தப் பருவத்தில்தான், அதனால் முக்குளிப்பவர்கள் துணிந்து வருவார்கள். பிள்ளையோடு வருபவர்களுக்கு வேண்டாம். ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை மலை பச்சையாக இருக்கும், கடலும் பெரும்பாலும் அமைதி. ஜூலை, ஆகஸ்ட் டிராகனின் இணை சேரும் காலம். அவை உள்காட்டுக்குப் போய்விடுவதால் கண்ணில் படுவது குறையும், கூட்டமோ அப்போதுதான் உச்சம். செப்டம்பர், அக்டோபரில் புல் காய்ந்து பழுப்பாகிவிடும், வெயில் கொளுத்தும். ஆனால் முட்டையிட்ட பெண் டிராகன் குழியைக் காவல் காப்பதைப் பார்க்கலாம். உங்களுக்கு மே மாதம் பொருந்தும், பள்ளி விடுமுறையோடும் ஒத்துப்போகும்.

இனி திதி. நீரோட்டம் நிலவைப் பொறுத்தது. பௌர்ணமி, அமாவாசை அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாட்களும் ஏற்ற இறக்கம் அதிகம், ஓட்டமும் வேகம். அட்டமி, நவமியை ஒட்டி மந்தம். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நம் ஊரில் ஒதுக்கிவைக்கிற அதே இரண்டு நாட்கள்தான் நீச்சல் சுமாரானவர்களுக்கு இந்தக் கடலில் நல்ல நாட்கள். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்தே தேதி குறிக்கலாம். மந்தம் என்றால் ஓட்டமே இல்லை என்று அர்த்தமில்லை, மாந்தா இரை தேட வரும் அளவுக்கு அப்போதும் இருக்கும்.

படகு. ஃப்ளோரஸின் மேற்கு முனையில் உள்ள லாபுவான் பாஜோ ஊர்தான் வாசல். அங்கிருந்து அதிவேகப் படகில் ஒரே நாளில் ஐந்தாறு இடம் காட்டுவார்கள். விடியற்காலையில் கிளம்பி முதலில் பாடார் மலை ஏற்றுவார்கள், படத்தில் பார்க்கும் மூன்று வளைகுடாக் காட்சி அங்கேதான். கொமோடோ தீவில் இறங்கும்போது உச்சிவெயில் ஆகிவிடும், டிராகன் நிழலில் மரக்கட்டையாகக் கிடக்கும். மாந்தா இடத்தில் அரைமணி நேரம், ஓட்டம் எப்படி இருந்தாலும் அதே அரைமணிதான். இதற்குப் பதில் மரப்படகில் இரண்டு இரவு தங்குவது நல்லது. முதல் நாள் காலையில் ரிஞ்சா, மாலையில் கலோங் தீவுப் பக்கம் நங்கூரம். சதுப்புக்காட்டிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் அந்தி நேரத்தில் கிளம்பிப் போகும், மேல்தளத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். இரண்டாம் நாள் விடியலில் பாடார், பிறகு இளஞ்சிவப்பு மணல் கடற்கரை. மூன்றாம் நாள் காலையில் கொமோடோ, அங்கிருந்து மாந்தா இடம், சியாபா குடா, திரும்புதல். ஒரே இரவுதான் முடியும் என்றால் கொமோடோ தீவை விட்டுவிடுங்கள். பெயருக்காக அங்கே போக வேண்டியதில்லை. டிராகன் பார்க்க ரிஞ்சாவே போதும், திறந்த புல்வெளி என்பதால் பார்ப்பதும் எளிது.

டிராகன் என்பது ராட்சத உடும்புதான். பெரிய ஆண் இரண்டரை முதல் மூன்று மீட்டர், எடை எழுபது கிலோவுக்கு மேல். ரிஞ்சாவில் லோ புவாயா, கொமோடோவில் லோ லியாங் ஆகிய நிலையங்களில் இறங்க வேண்டும். வனக்காவலர் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. அவர் கையில் நுனி கவைத்த நீண்ட கழி ஒன்றுதான் இருக்கும். டிராகன் நெருங்கினால் கழுத்தில் அந்தக் கவையை வைத்துத் தள்ளுவார். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் நடையை முடித்துவிடுங்கள். இரவில் குளிர்ந்த உடம்பைச் சூடேற்ற அவை வெயிலில் படுத்திருக்கும், சூடேறியதும் நகரும். அந்த இடைவெளியில்தான் மஞ்சள் நிறப் பிளவு நாக்கு வெளியே வந்து காற்றைத் துழாவுவதையும், நடக்கும்போது கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாக ஆடுவதையும் காணலாம். பாதையில் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக ஏதாவது கிடந்தால் காவலரைக் கேளுங்கள். டிராகனின் எச்சம் அது. எலும்போடு விழுங்குவதால் அந்த நிறம், மான் மயிரும் கலந்திருக்கும். மண்ணும் சருகும் குவித்த பெரிய மேடு தெரிந்தால் அது ஒரு காட்டுக்கோழி இனத்தின் கூடு. டிராகன் அதைப் பறித்துக்கொண்டு தன் முட்டையை இடும். குஞ்சு பொரித்ததும் மரமேறிவிடும், கீழே இருந்தால் பெரியவையே தின்றுவிடும் என்பதால்.

பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடக் கூடாது, குனிந்து உட்காரக் கூடாது, வரிசையின் நடுவில் கையைப் பிடித்தபடி வர வேண்டும். சின்ன உருவமும் திடீர் அசைவும் டிராகனுக்கு இரைபோலத் தெரியும். உடம்பில் புதுக்காயம் இருந்தாலோ மாதவிலக்கு நாளாக இருந்தாலோ காவலரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தடுக்க மாட்டார்கள், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நடப்பார்கள். வாயில் உள்ள பாக்டீரியாதான் இரையைக் கொல்கிறது என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அது பழைய கதை. கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பி உண்டு என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆடு கட்டி டிராகனை வரவழைத்துக் காட்டும் வழக்கம் 1990களிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் இத்தனை பார்ப்பீர்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மாந்தாவுக்குப் பெயர்பெற்ற இடம் காராங் மக்காசார். நம் கடலோரத்தில் கொம்புத் திருக்கை, ஆனைத் திருக்கை என்பார்களே, அந்த வகை. சிறகுக்குச் சிறகு மூன்று நான்கு மீட்டர் இருக்கும். வாலில் முள் கிடையாது, மனிதரை ஒன்றும் செய்யாது. பவளமும் சரளையும் கலந்த ஆழமில்லாத நீண்ட தட்டு இது. இங்கே யாரும் நீந்துவதில்லை, மிதந்து போவதுதான். ஓட்டத்தின் மேல்முனையில் படகு இறக்கிவிடும், நீங்கள் முகம் கவிழ்த்து மிதந்தால் போதும், கீழ்முனையில் ஏற்றிக்கொள்ளும். பிசகு நடப்பது மூன்று விதத்தில். ஓட்டத்தை எதிர்த்து நீந்திப் படகுக்குத் திரும்ப முயல்வது, ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும். மாந்தாவைத் துரத்துவது, ஒரே சிறகசைப்பில் மறைந்துவிடும். குழுவிலிருந்து பிரிந்து போவது, அலையில் தலை தெரியாது. எனவே மிதவை உடுப்போடு இறங்குங்கள். பிள்ளை மிதவை வளையத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், கயிறு வழிகாட்டியின் கையில் இருக்கட்டும். மாந்தா வந்தால் அசையாமல் மிதந்தால் அதுவே வாயைத் திறந்தபடி அருகே வரும். முன்னால் போய் வழிமறிக்காதீர்கள், மூன்று மீட்டராவது விலகி இருங்கள். பத்தூ போலோங் என்ற பாறைத்திட்டையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். தேர்ந்த முக்குளிப்பாளருக்கான இடம் அது, நீங்கள் மறுத்துவிடுங்கள். சியாபா குடா அமைதியானது, கடலாமைகள் புல் மேய்வதை நிதானமாகப் பார்க்கலாம். முதல் முறை நீர்க்கண்ணாடி மாட்டிப் பழகவும் அதுவே சரி என்பதால், வழியில் படும்படி இருந்தால் மாந்தாவுக்கு முன்பே அங்கே ஒரு மணி நேரம் இறங்கச் சொல்லுங்கள்.

நீர்க்கண்ணாடி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வாடகைக் கண்ணாடி கசியும், கசிந்தால் பதற்றம் வரும், பதற்றத்தில் கால் பவளத்தை மிதிக்கும். சொந்தமாக வாங்கி, கயிறு மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சிப் பாருங்கள். கைவிட்டும் விழாமல் நின்றால் அளவு சரி. மீசை உள்ளவர்களுக்கு மேல்விளிம்பில் நீர் புகும், மூக்குக்குக் கீழே ஒரு கோடளவு மழித்துவிட்டால் நிற்கும். பவர் கண்ணாடி போடுபவர்கள் ஊரிலேயே பவர் வைத்த நீர்க்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலுக்குக் களிம்பைவிட முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் மேல். பூங்காவின் வடக்கில் நீர் வெதுவெதுப்பு. தெற்கே ஜூலை முதல் செப்டம்பர் வரை 25 டிகிரிக்கும் கீழே போகும், ஒல்லிப் பிள்ளைகள் நடுங்கிவிடுவார்கள். வாந்தி மாத்திரையைப் படகேறுவதற்கு அரைமணி முன்னால் போட வேண்டும், ஆரம்பித்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. ஃப்ளோரஸ் பகுதியில் மலேரியா உண்டு, கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போக்குவரத்து எளிது. பாலியின் டென்பசாரிலிருந்து லாபுவான் பாஜோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பாலிக்கு வரும் விமானமும் இதுவும் தனித்தனி டிக்கெட் என்றால் நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள், உள்நாட்டு விமானத்தில் பெட்டி எடை வரம்பும் குறைவு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு வந்திறங்கியதும் 30 நாள் விசா தருகிறார்கள், கட்டணம் 5,00,000 ரூபியா, இணையத்திலும் முன்பே எடுக்கலாம். படகுப் பயணம் முடிந்து ஒரு நாள் லாபுவான் பாஜோவில் சும்மா இருக்கும்படி திட்டமிடுங்கள். துறைமுகம் ஒரு நாள் மூடினாலும் பயணம் கெடாது. சிலிண்டர் மாட்டி முக்குளித்தவர்கள் விமானம் ஏற எப்படியும் 18 முதல் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். தீவுகளில் ஏடிஎம் இல்லை, பணத்தை லாபுவான் பாஜோவிலேயே எடுத்துவிடுங்கள்.

பூங்காக் கட்டணம் அடிக்கடி மாறுகிறது. 37,50,000 ரூபியா என்று ஒரு தொகை இணையத்தில் கண்ணில் பட்டால் பயப்படாதீர்கள். 2022இல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்ட கட்டணம் அது. நடப்புத் தொகையைப் படகுக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். நுழைவு, காவலர், நீர்விளையாட்டு என்று தனித்தனியாக வரும், படகு வாடகையில் எது அடக்கம் எது இல்லை என்பதில்தான் தகராறு வருகிறது.

முன்பணம் கொடுக்கும் முன் படகைப் பற்றிக் கேட்க வேண்டியவை வேறு. மழைக்காலத்தில் சுற்றுலாப் படகு கவிழ்ந்த சம்பவங்கள் இந்தக் கடலில் உண்டு. பிள்ளை அளவில் மிதவை உடுப்பு இருக்கிறதா, படம் அனுப்பச் சொல்லுங்கள். இரவில் எங்கே நங்கூரம், யார் விழித்திருப்பார்? படகோட்டி இருட்டில் ஓட்டுவாரா? ஓட்டுவார் என்றால் வேறு படகு பாருங்கள். கீழ்த்தள அறை ஒரே கதவுள்ள பெட்டி போல இருந்தால் மேல்தளத்து அறையைக் கேளுங்கள், எஞ்சின் புகையும் அங்கே வராது. சைவம் என்றால் மீன் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. சம்பலில் தெராசி என்ற இறால் விழுது சேர்ப்பார்கள், அதையும் பெயர் சொல்லி விலக்குங்கள். டெம்பே, டோஃபு என்ற சோயா வகைகள், கீரை, சோறு எல்லாப் படகிலும் கிடைக்கும். ஊறுகாய் பாட்டிலும் பருப்புப்பொடியும் எடுத்துப் போனால் மூன்று நாளும் ஓடிவிடும்.