சூடை மீனும் நார்மல் டெஸ்ட்டும்

வணக்கம் அண்ணே,
ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துலருந்து எழுதுறேன், மீனியல் புராஜெக்ட். வடகடல் (பாக் விரிகுடா) சூடை பெருசா தென்கடல் (மன்னார் வளைகுடா) சூடை பெருசான்னு நீளம், எடை எடுத்தேன். வடக்க 300 மீனு, எல்லாம் செவுள்வலை. தெக்க 320, அதுல பாதி கரைவலை. எஸ்.பி.எஸ்.எஸ்-ங்கிற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல போட்டா, அளவுங்க நார்மலா (மணி வடிவத்துல) பரவிருக்கான்னு பாக்குற ஷாபிரோ-வில்க் டெஸ்ட்டுக்கு பி-வேல்யூ ".000"ன்னு வருது. நார்மல் இல்ல, ரெண்டு சராசரியை ஒப்பிடுற டி-டெஸ்ட் போடக்கூடாதுங்குறாங்க. ஓரத்துல நிக்கிற மீனை தூக்கிட்டா சரியாயிரும்னு ஃப்ரெண்டு சொல்றான். தூக்கவா?

தம்பி,

ஒரு மீனையும் தூக்காத. தப்பா அளந்திருந்தா, தப்பா டைப் பண்ணிருந்தா மட்டும் திருத்து.

மொதல்ல ரெண்டு கடலையும் ஒரே காலம்ல சேத்துல்ல டெஸ்ட் போட்டுருக்க? டி-டெஸ்ட்டுக்கு ஒவ்வொரு குரூப்பும் தனித்தனியா நார்மலான்னுதான் பாக்கணும், ரெண்டு குரூப்போட சராசரி வேறயா இருந்தா சேத்து பாக்கையில கோணலாத்தான் தெரியும். எஸ்.பி.எஸ்.எஸ்-ல எக்ஸ்ப்ளோர்ங்கிற மெனுவுல நீளத்தை டிபெண்டன்ட் லிஸ்ட்ல, கடலை ஃபேக்டர் லிஸ்ட்ல போட்டு, பிளாட்ஸ்ல நார்மாலிட்டி டெஸ்ட்டை டிக் பண்ணு. பக்கத்துலயே கோல்மோகோரோவ்-ஸ்மிர்னோவ்ங்கிற இன்னொரு நார்மல் டெஸ்ட்டும் வரும், அதை விட ஷாபிரோ-வில்க்கையே பாரு. அப்புறம் .000ன்னா சைபர் இல்ல, மூணு டெசிமலுக்கு மேல அது காட்டல, அவ்ளோதான். ரிப்போர்ட்ல 0.001-க்கு கீழன்னு எழுது.

இன்னொன்னு, ஷாபிரோவும் வில்க்கும் 1965-ல இதை கொண்டு வந்தப்ப 50 சாம்பிள் வரைக்கும்தான் டேபிள் குடுத்தாங்க. முன்னூறு மீனுக்கு போட்டா துளி கோணலையும் புடிச்சுரும், ஆனா அவ்ளோ மீனு இருக்கும்போது அந்த துளி கோணல் டி-டெஸ்ட்டை ஒண்ணும் பண்ணாது. அதனால ஹிஸ்டோகிராமையும் கியூ-கியூ பிளாட்டையும் (நார்மலா இருந்தா புள்ளிங்க ஒரு நேர்கோட்டுல விழுற படம்) கண்ணால பாரு. புள்ளிங்க கோட்டை ஒட்டி போயி ரெண்டு முனையில லேசா விலகுனா கவலப்படாத. எடை மட்டும் வலது பக்கம் வாலு நீட்டும், ஏன்னா எடை கிட்டத்தட்ட நீளத்தோட கியூபுக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏறும், அதுக்கு லாக் எடுத்துரு.

ஆனா உன் தென்கடல் ஹிஸ்டோகிராம்ல ரெண்டு மேடு இருக்கும்னு தோணுது. செவுள்வலை கண்ணுக்கு ஒரு சைஸு மீனுதான் மாட்டும், பொடிசு தப்பிச்சுரும், பெருசு தலையே நுழையாது. கரைவலை மடியில பொடிக்கண்ணு, குஞ்சும் சேந்து வந்துரும். அப்ப நீ அளந்தது கடலோட வித்தியாசமா வலையோட வித்தியாசமா? இது நார்மலை விட பெரிய சிக்கல், நார்மலா இருக்கணும்னு கேக்காத மான்-விட்னி டெஸ்ட் போட்டாலும் தீராது, அதுவும் அதே மீனைத்தான பாக்கும். மார்க் போடுறவங்க இதை கேக்கலேன்னாலும் நீயே எழுது.

கரைவலை மீனை தனியா வச்சுட்டு (அழிச்சுராத, வேற டேபிள்ல காட்டலாம்) செவுள்வலை மீனை மட்டும் ரெண்டு பக்கமும் ஒப்பிடு, அதுவும் ஒரே கண்ணு அளவா இருந்தாத்தான். டி-டெஸ்ட் அவுட்புட்ல ரெண்டாவது வரி, ஈக்வல் வேரியன்சஸ் நாட் அஸ்யூம்டுன்னு (ரெண்டு குரூப்போட சிதறலும் ஒண்ணுன்னு வச்சுக்கலங்கிறது) இருக்கும், அதை எடுத்துக்க. கண்ணு அளவு குறிச்சு வைக்கலேன்னா வலைக்காரங்ககிட்ட கேட்டு எழுதிட்டு அப்புறம் ரன் பண்ணு.