காட்டேஜ் வாடகை 1,180 பவுண்டு: அபராதம் கட்டியாவது ஸ்கூல் நாளில் போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கிறோம். 8, 11 வயதில் இரண்டு பிள்ளைகள். கார் கிடையாது. பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதித் தேசியப் பூங்காவின் ஹோப் பள்ளத்தாக்கில் ஒரு காட்டேஜ் வாடகைக்கு எடுத்து, நாங்களே சமைத்துச் சாப்பிட்டு, ஒரு வாரம் மலை நடை போக ஆசை. மே ஹாஃப் டெர்மில் (பள்ளிப் பருவத்தின் நடுவே வரும் ஒரு வார விடுமுறையில்) வாடகை 1,180 பவுண்டு. ஸ்கூல் நடக்கும் வாரத்தில் அதே வீடு 720 பவுண்டுதான். "அபராதம் கட்டினாலும் லாபம்" என்கிறார் கணவர். வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பினால் 8% குறைப்பதாக வீட்டு உரிமையாளர் சொல்கிறார். ரயில் கட்டணம் நான்கு பேருக்கும் போக வர 120 பவுண்டு. கேஷ் ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 6,000 பவுண்டு இருக்கிறது, 4% வட்டி. கிரெடிட் கார்டில் 1,400 பவுண்டு பாக்கி, 24.9% வட்டி. மாதம் 300 பவுண்டு மிச்சம் பிடிக்க முடியும். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் மே மாதத்திலும் வேண்டாம், அபராதம் கட்டியும் வேண்டாம்.

முதலில் கணவரின் கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 2024 ஆகஸ்ட் முதல், அனுமதியில்லாமல் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாவிட்டால் அபராதம் 80 பவுண்டு. 21 நாளைக்குள் கட்டாவிட்டால் 160. இது குடும்பத்துக்கு ஒன்று இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும், அம்மா அப்பா இருவருக்கும் தனித்தனி. ஆக நான்கு நோட்டீஸ், 320 பவுண்டு. வாடகையில் மிஞ்சும் 460-இல் இதைக் கழித்தால் கையில் நிற்பது 140. அதே பிள்ளைக்கு மூன்று வருடத்துக்குள் இரண்டாவது முறை நோட்டீஸ் வந்தால் எடுத்த எடுப்பில் 160. சலுகைத் தொகை கிடையாது. மூன்றாவது முறை நோட்டீஸே வராது, வழக்குக்குப் போகலாம். 140 பவுண்டுக்காக இந்தக் கணக்கைத் திறக்க வேண்டாம். பெரிய பிள்ளை 6-ஆம் ஆண்டில் என்றால் மே நடுவில் சாட்ஸ் என்ற தேசியத் தேர்வும் குறுக்கே நிற்கிறது.

லெஸ்டர்காரர்களுக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளிகள் பல, கோடை விடுமுறையை ஜூலை நடுவிலேயே விட்டுவிடும். மற்ற பல கவுன்சில் (உள்ளாட்சி) பகுதிகளில் அது ஜூலை கடைசி வாரத்தை ஒட்டித்தான். அக்டோபர் ஹாஃப் டெர்மும் இங்கே பெரும்பாலும் முன்னதாகவே வரும். வீட்டுக்காரர்கள் விலையை ஏற்றுவது நாட்டின் பெரும்பகுதி பள்ளிகள் மூடும் வாரத்தைப் பார்த்துத்தான். ஆகவே உங்கள் விடுமுறையின் முதல் வாரத்துக்கு விலை கேளுங்கள். 720-ஐ ஒட்டி வந்தால் அபராதமும் இல்லை, மலையில் இரவு ஒன்பது வரை வெளிச்சமும் இருக்கும். அகாடமிப் பள்ளிகள் (கவுன்சிலின் கீழ் வராத அரசு நிதிப் பள்ளிகள்) தேதியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்பதால், இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் காலண்டரையும் கையில் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

அடுத்தது கார்டு பாக்கி. 1,400 பவுண்டை ஒரு வருடம் அப்படியே விட்டால் வட்டி ஏறக்குறைய 350. அதே தொகை ஐசாவில் சம்பாதிப்பது 56. இன்றே ஐசாவிலிருந்து எடுத்து அடையுங்கள். இதில் பலர் கவனிக்காத இன்னொரு சங்கதி: பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் வட்டியில்லா நாட்கள் பெரும்பாலும் கிடைக்காது. காட்டேஜ் அட்வான்ஸுக்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். முன்பணத்தைக் கார்டில்தான் கட்டச் சொல்லப் போகிறேன். அதனால் அதைத் துடைத்து வைப்பது முதல் வேலை. ஐசாவில் மிஞ்சும் 4,600-ஐத் தொடாதீர்கள். பயணச் செலவு மாதாந்திர 300-இலிருந்தே வரட்டும்.

கார்டு ஏன் என்றால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள ஒன்றுக்கு, அட்வான்ஸை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏஜென்சி இணையதளம் வழியாகப் போனால் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில்; பணம் போவதோ ஏஜென்சிக்கு. அந்தச் சங்கிலி அறுந்தால் 75-வது பிரிவு கைகொடுக்காமல் போகலாம். உரிமையாளரே நேரடியாகக் கார்டு வாங்கினால் சங்கிலி சுத்தம். ஆகவே நேரடிப் பதிவு நல்லதுதான். வங்கிக்கு அனுப்பச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

8% என்பது மே விலையில் 94 பவுண்டு, ஜூலை விலையில் 58. அதற்காக விட்டுக்கொடுப்பது முழு வாடகையின் பாதுகாப்பு. வேறொருவர் வீட்டுப் படத்தைத் திருடிப் போட்டு "டிரான்ஸ்ஃபர் செய்தால் குறைச்சல்" என்பது பழைய தந்திரம். 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் அதில் 100 பவுண்டு வரை அவர்கள் கழித்துக்கொள்ளலாம். தவிர அது மோசடிக்குத்தான். வீடு உண்மையாகவே இருந்து, ஷவர் ஓடவில்லை, ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றால் அந்த விதி உதவாது. "அட்வான்ஸைக் கார்டில் கட்டுகிறேன், மீதிக்குத் தள்ளுபடி தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் சம்மதிப்பார்கள்.

கையெழுத்துக்கு முன் ரத்து விதியை வாசியுங்கள். குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடத்துக்கு, ஆன்லைனில் வாங்கிய சட்டையைத் திருப்புவது போன்ற 14 நாள் உரிமை கிடையாது. வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு முன்பணம், எட்டு வாரத்துக்கு முன் மீதி. மீதியைக் கட்டிய பிறகு பிள்ளைக்கு அம்மை போட்டால் பெரும்பகுதி போயிற்று. உள்நாட்டுப் பயணத்தையும் ஏற்கும் ஆண்டுக் காப்பீடு உங்கள் வங்கிக் கணக்கோடு ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்.

சமையலில்தான் உண்மையான மிச்சம். நான்கு பேர் பப்பில் இரவுச் சாப்பாடு 62, மதியம் கஃபே 35 என்று வைத்தால் ஏழு இரவு, ஆறு மதியத்துக்கு 644 பவுண்டு. மளிகைக்கு 130, இரண்டு இரவு மட்டும் பப் என்றால் 254. ஆனால் கிராமத்துக் கடையில் வாங்கினால் இந்த 130 நிற்காது. வந்து இறங்கும் மாலைக்கே சூப்பர்மார்க்கெட் டெலிவரி ஸ்லாட் எடுத்துவிடுங்கள். சாவி கிடைப்பது பெரும்பாலும் மாலை நான்குக்கு என்பதால் ஆறு மணிக்கு மேல் வைப்பது நல்லது.

எடுத்துப் போக வேண்டியவை சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, நல்லெண்ணெய், வதக்கி உறைய வைத்த வெங்காயத் தக்காளித் தொக்கு. காட்டேஜில் குக்கர் இருக்காது, உங்களுடையதை எடுத்துப் போகுமுன் "அடுப்பு இண்டக்ஷனா?" என்று கேளுங்கள். அலுமினியக் குக்கர் அதில் சூடே ஆகாது. அடியில் ஃப்ரிட்ஜ் காந்தம் ஒட்டினால் வேலை செய்யும். வெள்ளை மேடையில் மஞ்சள்தூள் சிந்தினால் உடனே துடையுங்கள்; சேத டெபாசிட்டில் கை வைக்க அந்தக் கறை ஒன்று போதும். நுழைந்ததுமே சமையலறையைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

ரயிலுக்கு ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டு 35 பவுண்டு. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். உங்கள் 120 சுமார் 69 ஆகும். கார்டு விலை போக இந்தப் பயணத்தில் மிச்சம் 16தான். வருடத்தில் இன்னொரு பயணம் உண்டென்றால் வாங்குங்கள்.

கார் இல்லாதது இங்கே குறை இல்லை. ஷெஃபீல்டிலிருந்து வரும் ஹோப் பள்ளத்தாக்கு ரயில்பாதையில் ஹேதர்சேஜ், பாம்ஃபோர்ட், ஹோப், ஈடேல் என்று நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. ஹோப்பில் இறங்கி லூஸ் ஹில் ஏறி, முகட்டோடு 517 மீட்டர் மாம் டோர் வரை போய், ஈடேலில் இறங்கி ரயில் பிடிக்கலாம். காரில் வந்தவர் காரை எடுக்கத் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பஸ்ஸுக்கு இங்கிலாந்தின் பெரும்பாலான தடங்களில் ஒரு வழிக்கு அதிகபட்சம் 3 பவுண்டு. வாங்க வேண்டியது இந்தப் பகுதியின் நடைபாதைகளைக் காட்டும் ஓஎல் 1 எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஒன்றும், மழைச் சட்டைகளும். பிள்ளைகளுக்கு விலை கூடிய பூட்ஸ் வேண்டாம், அடுத்த வருடம் கால் நீண்டுவிடும்.

ஜூலை வாரம் 720-க்குக் கிடைத்தால் மொத்தம்: வாடகை 720, சாப்பாடு 254, ரயில்கார்டும் டிக்கெட்டும் 104, பஸ்ஸுக்கு 60. ஆக 1,138. பிப்ரவரியில் முன்பணம் 240, மே நடுவில் மீதி 480, ஜூலையில் மற்றவை. மாதாமாதம் சேரும் உங்கள் 300-க்குள் அடங்குகிறது. மே வாரத்தில் வெளியே சாப்பிட்டபடி போயிருந்தால் 1,940-ஐத் தாண்டியிருக்கும்.