பேதுருவின் துக்கத்துக்கு என்ன காரணம்?

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிறு எங்கள் சபையில் யோவான் 21-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம். உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்கும் பகுதி. கிரேக்க மூலத்தில் முதல் இரண்டு முறை இயேசு கேட்பது ‘அகாபே’, அதாவது நிபந்தனையற்ற தெய்வீக அன்பு. பேதுரு கொடுப்பதோ ‘பிலியோ’, வெறும் நட்பு. மூன்றாம் முறை இயேசுவே இறங்கிவந்து பிலியோவாவது உண்டா என்று கேட்கிறார் என்றார் போதகர். கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து செல்பேசியில் ஸ்ட்ராங் எண்களை (வேதத்தின் ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் கொடுக்கப்பட்ட எண்) வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே சொற்கள் இருக்கின்றன. ஆனால் நண்பர் ஒருவர் இதெல்லாம் கட்டுக்கதை என்கிறார். எது சரி? கிரேக்கம் படிக்காவிட்டால் வேதம் புரியாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சொற்கள் மாறுவது உண்மைதான். அதற்குச் செல்பேசிகூடத் தேவையில்லை. உங்கள் கையிலிருக்கும் பழைய தமிழ் வேதாகமத்திலேயே இயேசு இரண்டு முறை ‘அன்பாயிருக்கிறாயா’ என்று கேட்கிறார், பேதுரு ‘நேசிக்கிறேன்’ என்கிறான், மூன்றாந்தரம் ‘நேசிக்கிறாயா’ என்று கேள்வி மாறுகிறது. மொழிபெயர்த்தவர்கள் கவனமானவர்கள்.

ஆனால் ஒன்று தெய்வீகம், மற்றது தோழமை என்ற பிரிவினையை யோவானே ஒப்புக்கொள்ள மாட்டார். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்று 3:35 சொல்கிறது. அங்கே அகாபேயின் வினைச்சொல். அதையே 5:20-லும் சொல்கிறார்; அங்கே பிலியோ. பிதாவின் அன்பு இரண்டு அதிகாரங்களுக்குள் நட்பாகக் குறைந்துவிட்டதா என்ன? இயேசுவுக்கு அன்பான சீஷன் 13:23-இல் ஒரு சொல்லாலும் 20:2-இல் மற்றச் சொல்லாலும் குறிக்கப்படுகிறான். 3:19-இல் மனிதர் ஒளியைவிட இருளை விரும்பினார்கள் என்ற இடத்திலும் அதே ‘தெய்வீக’ வினைச்சொல்தான். பவுலைக் கைவிட்டுப் போன தேமா இந்த உலகத்தின்மேல் வைத்தானே ஆசை, அதற்கும் அதே சொல்தான். நம்மவர்கள் அங்கே ‘ஆசைவைத்து’ என்று சரியாகவே தமிழாக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 2 சாமுவேல் 13-ஐப் பாருங்கள். தாமாரைக் கெடுத்த அம்னோனின் மோகத்துக்கும் அங்கே இந்தச் சொல்தான். அகாபே என்று எழுதிய மாத்திரத்தில் நிபந்தனையற்ற அன்பு வந்து உட்கார்ந்துவிடாது.

கிரேக்கத்தில் கரைகண்டவர்களே இந்த இடத்தில் எதிரெதிராகப் போயிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் டப்ளினின் பேராயர் டிரெஞ்ச், அகாபேதான் குளிர்ந்த சொல், பேதுருவின் கொதிக்கும் நெஞ்சுக்கு அது போதவில்லை, அதனால்தான் அவன் பிலியோவைப் பிடித்துக்கொள்கிறான் என்றார். டர்ஹாமின் பிஷப் வெஸ்ட்கட் நேர்மாறாக, அகாபேதான் உயர்ந்தது என்றார். உங்கள் போதகர் வெஸ்ட்கட் கட்சி. டிரெஞ்ச் வழியில் பிரசங்கித்திருந்தாலும் சபை கண் கலங்கியிருக்கும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

யோவானுக்குச் சொல்லை மாற்றி மாற்றி எழுதும் பழக்கம் உண்டு. இந்த மூன்று வசனங்களிலேயே ஆட்டுக்குட்டி ஆடாகிறது. மேய்ப்பதற்கு இரண்டு வினைகள். அறிவதற்கு இரண்டு வினைகள். ‘மேய்ப்பாயாக’வின் இரண்டு கிரேக்கச் சொற்களை வைத்து யாரும் கண்ணீர் வரவழைப்பதில்லை.

பேதுரு ஏன் துக்கப்பட்டான் என்பதை வசனமே சொல்லிவிடுகிறது: ‘மூன்றாந்தரம் கேட்டபடியினாலே’. சேவல் கூவுவதற்குள் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவன் அவன். உண்மையாகவே கிரேக்கம் இங்கே கொடுக்கும் பரிசு ஒன்று உண்டு. கரிநெருப்பைக் குறிக்கும் ‘அந்த்ரக்கியா’ என்ற சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று 18:18, பேதுரு குளிர்காய்ந்தபடி மறுதலித்த முற்றம். மற்றது 21:9, இயேசு மீன் சுட்டுவைத்திருந்த கரை. மறுதலித்த அந்தக் காட்சியை மாற்குவும் லூக்காவும் எழுதும்போது இந்தச் சொல் வரவில்லை. இந்த முடிச்சு தற்செயலாக விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தமிழிலும் இரண்டு இடத்திலும் ‘கரிநெருப்பு’ என்றே இருக்கிறது. கிரேக்கம் அறியாத பாட்டியும் பிடித்துவிடலாம்.

ஸ்ட்ராங் எண்களைப் பற்றி: ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்டது, ஆங்கில வேதாகமத்தில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று தேடுவதற்கான தொகுப்பு. பின்னால் உள்ள அகராதிப் பகுதி மிகச் சுருக்கமானது. அதிலிருந்து பிடித்த பொருளைப் பொறுக்கி வசனத்தில் பொருத்தினால் எதையும் நிரூபிக்கலாம். மாறாக, எண்ணைத் தட்டி அந்தச் சொல் வரும் எல்லா வசனங்களையும், முதலில் அதே ஆசிரியருடையவற்றை, வாசியுங்கள். அதற்கு மொழிப் பயிற்சி தேவையில்லை, பொறுமை போதும்.

கிரேக்கம் கற்க விருப்பம் இருந்தால் தாராளமாகக் கற்கலாம். 24 எழுத்துகள்தான். இலக்கணம் ஓரளவு பிடிபட்டதும் யோவானின் முதல் நிருபத்தை எடுங்கள். சிறிய வாக்கியங்கள், குறைந்த சொற்கள்.

போதகரிடம் இதைப் பேசத்தான் வேண்டும். ஆராதனை முடிந்து எல்லாரும் போனபிறகு, 3:35-ஐயும் 5:20-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நண்பரின் ‘கட்டுக்கதை’ என்ற சொல்லை மட்டும் அங்கே எடுக்காதீர்கள்.