மாற்றுத்திறனாளிக் குழந்தையை வளர்க்கும் ஏழைத் தாய்க்கு எந்த உதவி உண்மையில் பயன்படும்?

பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தேவைதான். ஆனால், மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையைக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டே வளர்க்கும் பெண்ணுக்கு எல்லாவற்றையும்விடப் பற்றாமல் போவது பகல் பொழுது என்பதை, அப்படிப்பட்ட சிலருடன் அலுவலகங்களுக்குத் துணையாகச் சென்றதில் அறிந்துகொண்டேன்.

தமிழ்நாட்டில் திட்டங்களுக்குக் குறைவில்லை. அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும், 75 விழுக்காடும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தொடர் பயிற்சிச் சிகிச்சைகள் உட்பட, மருத்துவச் செலவைப் பெறலாம். ஆனால் எதற்கும் முதலில் மருத்துவச் சான்றும் யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வேண்டும். நடக்க இயலாத பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்று, “டாக்டர் இன்னிக்கு வரலை, அடுத்த வாரம் வாங்க” என்ற பதிலோடு திரும்பும் தாய்க்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது ஆறுதல்தான். அன்றைய கூலி போனது போனதுதான்.

ஆகவே, சான்று எந்தக் கிழமை வழங்குகிறார்கள், என்னென்ன நகல்கள் கேட்பார்கள் என்று முன்கூட்டியே நேரில் விசாரித்து, படிவத்தை நிரப்பிக் கையில் கொடுத்து, முடிந்தால் உடன் செல்லுங்கள். பள்ளிக்கு வரவே இயலாத பிள்ளையாக இருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் வீட்டுவழிக் கல்விக்குப் பதிவு செய்ய உதவுங்கள். சிறப்பு ஆசிரியர் வீட்டுக்கே வருவார். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற களப்பணியாளர்களை வீடுகளுக்கு அனுப்பிச் சிகிச்சை தருவதை நான் பெரிதும் மதிப்பதும் இதனால்தான்: அங்கே அலைச்சல் தாயுடையதாக இல்லை.

சக்கர நாற்காலி வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த எண்ணம் இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு அளவெடுத்துச் செய்த இருக்கை வேண்டும். பொருந்தாத நாற்காலி வீட்டு மூலையில் துணி காயப்போடத்தான் பயன்படும்.

பணமாகவே கொடுக்க விரும்பினால், ஒரே பகுதியில் உள்ள நான்கைந்து தாய்மார்களைக் கலந்து பேசி, அவர்கள் நம்பும் பெண் ஒருவரைப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவருடைய மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். உணவூட்டும் முறையையும் வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதையும் தாய்மார்களே அவருக்குக் கற்றுக்கொடுப்பார்கள்.