பச்சைப் பிள்ளையை எண்ணெய் தேய்த்து நீவிவிடுதல்: எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும்?

கேள்வி: முதல் பிரசவத்துக்காக அம்பாசமுத்திரத்தில் தாய்வீட்டில் இருக்கிறேன். மகனுக்கு நாற்பது நாள் ஆகிறது. என் ஆச்சி தினமும் காலையில் அவனைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுக் குளிப்பாட்டுகிறார். மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு விடுகிறார். சில நாள் பிள்ளை வீறிட்டு அழுகிறான். சென்னையில் வேலை பார்க்கும் என் கணவர் இது எதுவுமே வேண்டாம் என்கிறார். நீவிவிடுவதால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: நீவிவிடுவதைத் தொடருங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்த இரண்டையும் ஒரே பழக்கமாகப் பார்ப்பதால்தான் உங்கள் வீட்டில் ஆச்சி ஒரு பக்கமும் கணவர் ஒரு பக்கமுமாக நிற்கிறார்கள்.

பயனைப் பற்றிய வலுவான சான்றுகள் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடமிருந்து கிடைத்தவை. அமெரிக்காவில் உளவியலாளர் டிஃபனி ஃபீல்டு குழுவினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் என 10 நாள் நீவிவிடப்பட்ட குறைமாதக் குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட நாளொன்றுக்கு 47 விழுக்காடு கூடுதலாக எடை ஏறியதுடன் 6 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். மிதமான அழுத்தத்துடன் தோலை நீவும்போது மூளையிலிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, இரைப்பையின் அசைவும் செரிமானத்துக்குத் துணைபுரியும் சுரப்புகளும் கூடுகின்றன என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். விரல்நுனியால் மெல்லத் தடவுவது குழந்தைக்குக் கிச்சுகிச்சு மூட்டுவதாகவே முடியும்; உள்ளங்கை முழுவதும் பதிய நீவ வேண்டும். நிறைமாதத்தில் பிறந்த உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கு எடை ஏறும், எலும்பு உறுதிப்படும் என்றெல்லாம் அடித்துச் சொல்லப் போதிய சான்று இல்லை. அழுகை தணிந்து நன்றாக உறங்குவது பல வீடுகளில் காணக் கிடைக்கும் பலன்.

என் பார்வையில், பெற்றோருக்குக் கிடைக்கும் பலன் இதைவிடக் குறைந்ததன்று. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும், பிள்ளையைத் தூக்கவே பயப்படுவதும் பல தாய்மாருக்கு நேர்கின்றன. பிள்ளையின் கைகால்களை நாள்தோறும் தன் கையாலேயே நீவும் தாய், அவன் எப்போது களைக்கிறான், எப்போது விளையாட விரும்புகிறான் என்பதைச் சில வாரங்களிலேயே படித்துக்கொள்கிறாள்; பயம் போய்விடுகிறது. நம் பக்கத்தில் ஆச்சியோ, குளிப்பாட்ட வரும் அம்மாவோ எல்லாவற்றையும் செய்துவிட, பெற்றவள் துண்டை நீட்டுவதோடு நின்றுவிடுகிறாள். ஆச்சியின் கைப்பக்குவத்தை அருகிலிருந்து பார்த்து, நீங்களே செய்யத் தொடங்குங்கள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இது மட்டும் மருந்தாகாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இனி, நிறுத்த வேண்டியவை. மூக்கில் விடும் எண்ணெய் குழந்தைக்கு இருமல் வராமலேயே நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். அங்கே தங்கி, எளிதில் ஆறாத ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். பிள்ளைக்கு இருமலோ வேகமான மூச்சோ இருந்து மருத்துவரிடம் போனால், எண்ணெய் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும். வாயால் மூக்கை ஊதுவது, தொண்டைக்குள் விரல்விட்டுச் சளி எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, பிள்ளையின் மார்புக்காம்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது ஆகியவையும் கூடா. பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருப்பது தாயின் ஹார்மோனால். அது தானாக வடியும், பிதுக்கினால் சீழ் பிடிக்கும். மூக்கை நீவிக் கூர்மையாக்கவோ, தலையை அமுக்கி உருண்டையாக்கவோ முடியாது. உச்சிக்குழியில் அழுத்தம் படவே கூடாது.

வீறிட்டு அழுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, முதுகை வில்லாக வளைப்பது எல்லாம் அவன் 'போதும்' என்று சொல்லும் வழிகள். 'அழுதால்தான் நெஞ்சு விரியும்' என்பது சரியன்று. நிறுத்திவிட்டுத் தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள். பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் போதும். பாதத்திலிருந்து தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் இசைந்து கொடுப்பார்கள். வயிற்றைக் கடிகார முள் சுற்றும் திசையில் நீவுங்கள்; பெருங்குடல் அந்தப் போக்கில்தான் அமைந்திருக்கிறது.

எண்ணெயைப் பொறுத்தவரை, நம் ஊரில் கிடைக்கும் வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெயே நல்லது. 2005-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயைத் தேய்த்தவர்களைவிட, தேங்காய் எண்ணெய் தேய்த்த குறைமாதக் குழந்தைகளுக்கு எடை கூடுதலாக ஏறியது. வெளிநாட்டிலிருந்து வரும் ஆலிவ் எண்ணெயில் ஓலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மிகுதி என்பதால், தோலின் மேலடுக்கைத் தளர்த்தக்கூடும். அதை நான் பரிந்துரைப்பதில்லை. எண்ணெய் தேய்த்து வெயில் காட்டுவதால் வைட்டமின் டி சொட்டு மருந்தை நிறுத்தலாம் என்று எண்ண வேண்டாம். பிறந்த முதல் ஓராண்டு வரை நாளுக்கு 400 யூனிட் தேவை.

இன்னும் சில நாளில் ஆறாவது வாரத் தடுப்பூசி போடுவார்கள். ஊசி போட்ட தொடையை இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். காய்ச்சல் இருந்தால் அன்று நீவவே வேண்டாம். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட இடது தோளில் இப்போது சிறு கொப்புளம் தோன்றுவது இயல்பு. அதன்மேல் எண்ணெய் தடவவோ அதைப் பிதுக்கவோ கூடாது.

உங்கள் கணவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலூட்டுவதில் பங்கெடுக்க முடியாத தகப்பனுக்குப் பிள்ளையோடு பழக இதைவிட நல்ல வழி இல்லை. விடுமுறையில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் அன்றைக்கே, காலைக் குளியலை ஆச்சியிடம் விட்டுவிட்டு, மாலையில் எண்ணெய் இல்லாமல் மெல்லிய சட்டையின் மீதே கால்களையும் முதுகையும் நீவட்டும். அதற்கு முன் மோதிரத்தைக் கழற்றி, நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள்.